மீந்த இரை

வாளியின் மூடியைத் திறந்ததும் சோம்பு மணத்தது.

நெவில் மூடியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றான். தன் இரைமாவில் அவன் ஒருநாளும் சோம்பு சேர்த்ததில்லை. ரொட்டித்தூள், கொஞ்சம் மக்காச்சோள மாவு, ஒரு பிடி வறுத்த சணல்விதைப் பொடி, அவ்வளவுதான். சோம்பு வாசனையே அவனுக்கு ஆகாது. ஆட்ரிதான் வாளியை எதற்கோ எடுத்துப் புழங்கியிருக்க வேண்டும் என்று மனைவியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு, மூடியைப் புல்லில் வைத்தான்.

முந்தின நாள் ராத்திரி ஃப்ரீசரின் அடியிலிருந்து தோண்டி எடுத்த இரைமாவு அது. போட்டியில் மீந்ததை எந்தத் தூண்டில்காரனும் குப்பையில் கொட்டமாட்டான். பையில் கட்டி உறையவைத்து அடுத்த போட்டிக்கு எடுப்பான். ஊரில் எல்லார் வீட்டு ஃப்ரீசரிலும் பட்டாணிக்கும் கோழிக்கும் அடியில் இப்படி ஒன்றிரண்டு பைகள் கல்லாகக் கிடக்கும். எல்லார் வீட்டுப் பெண்களும் அதற்காகத் திட்டுவார்கள். எந்தப் பை எந்தப் போட்டியில் மீந்தது என்று யார் கண்டது? வாளியில் கவிழ்த்துக் கொட்டகையில் வைத்தால் விடிவதற்குள் இளகிவிடும். இளகித்தான் இருந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் வெளிறிப்போய்.

குளம் சின்னது. ஒரு காலத்தில் செங்கல் சூளைக்காக மண் வெட்டிய பள்ளம். வெயில் நாளில் எதிர்க்கரைக்காரனின் மூக்கு சிவந்திருப்பதுகூட இங்கிருந்து தெரியும். இன்றைக்கு அக்டோபர் மூடுபனி தண்ணீரின்மேல் படுத்துக்கொண்டு, எதிர்க்கரையை முழுசாக விழுங்கி, ஆல்டர் மரங்களின் கிளைகளை மட்டும் அங்கங்கே அந்தரத்தில் தொங்கவிட்டு, கரையைச் சுற்றி எண் போட்டு அடித்திருந்த முளைக்குச்சிகளின் பக்கத்தில் ஒவ்வொருவனையும் தனியே உட்காரவைத்திருந்தது. அழுகிய இலை, களிமண், ஈர நாணல், பக்கத்து முளையிலிருந்து வந்த சுருட்டுப் புகை, எல்லா வாடைக்கும் மேலே சோம்பு தனியாக நின்றது.

அவன் உட்கார்ந்திருந்தது ஏழாம் முளை. தானாகத் தேடிப் போய் உட்காரவில்லை. காலையில் தூண்டில்காரர் சங்கக் கொட்டகையில் செயலாளர் டட்லி துணிப்பையைக் குலுக்கி நீட்டினார். உள்ளே கையை விட்டு எடுக்கும் மர வில்லையில் என்ன எண் வருகிறதோ அங்கேதான் அன்றைக்கு உட்கார வேண்டும். மாற்றிக்கொள்வது என்ற பேச்சே கிடையாது. நெவில் கையில் ஏழு வந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட்ரா சக்கை!" என்றான் பக்கத்து முளை கிடைத்திருந்த ராட்னி. "செட்ரிக் உனக்குத் துண்டு போட்டு இடம் பிடிச்சு வச்சிருக்கான்யா. இன்னிக்காவது ஜெயிச்சுத் தொலை. இல்லன்னா செத்தவன்கிட்டயும் தோத்தவன்னு பேராயிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். நெவிலும் சிரித்து வைத்தான். ஆனால் அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. செட்ரிக்கும் அவனும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் தூண்டில் போட்டவர்கள். இலையுதிர் காலக் கோப்பையைச் செட்ரிக் தூக்குவான், நெவில் கைதட்டுவான். ஒரு வருடம்கூட இது மாறியதில்லை. செட்ரிக் எப்போதும் அரைவாளி இரையோடுதான் வருவான். விசில் ஊதுவதற்கு முன் நெவிலிடம் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், குவித்த உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பான். சூளை எந்திரத்தில் நுனி போன குட்டைச் சுண்டுவிரலோடு அந்தக் கை. நெவிலும் ஒரு பிடி அள்ளிப் போடுவான். அந்த இரையை வைத்தே அவனைத் தோற்கடிப்பான் படுபாவி.

போன குளிர்காலத்தில் நெஞ்சு அடைத்துச் செட்ரிக் போய்ச் சேர்ந்தான். அதே கோப்பைக்கு இப்போது அவன் பெயரை வைத்திருந்தார்கள். அதையாவது ஒருமுறை வீட்டு அலமாரியில் வைக்க வேண்டும் என்ற ஆசை நெவிலுக்கு நெஞ்சு முழுக்க இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று ஆட்ரியிடம்கூடச் சொல்லவில்லை.

கொட்டகை வாசலில் செட்ரிக்கின் மனைவி பெரில் எல்லாருக்கும் சூடான பன் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோப்பையைக் கொடுக்கப்போகிறவளும் அவள்தான். நெவிலின் முறை வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழாம்ல? நல்லதாப் போச்சு. அவருக்கும் பேச்சுத்துணையாச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நெவில், ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அன்னிக்கு அந்த மழையில நான் சரியாப் பாக்கல. அவரைப் பூராவும் போட்டுட்டல்ல? பாதி அங்க, பாதி இங்கன்னு கெடந்தா மனுஷனுக்கு நிம்மதி இருக்காது. நான் ஒரு ஸ்பூன்கூட வீட்ல வச்சுக்கல."

"பூராவும் போட்டாச்சு பெரில். நீ ஏன் மனசப் போட்டுக் கொழப்பிக்கிற?" என்றான் நெவில், பன்னை மென்றபடி. அவள் அவன் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள்.

டட்லி வழக்கமான பாட்டைப் பாடி முடித்தார். "கடைசி விசில் ஊதினதும் கோல மேல தூக்கிடணும். தராசு உங்ககிட்ட வர்ற வரைக்கும் எவனும் வலையத் தொடக் கூடாது, எடத்த விட்டு எந்திரிக்கவும் கூடாது. ஜல்லிக்கல்லப் போட்டு எட காட்டின மகராசன் இந்தச் சங்கத்துல இருந்தாரு, நெனப்பிருக்கட்டும். மீறினவன் ஆட்டத்துல இல்ல."

இப்போது, போட்டி தொடங்குவதற்கான முதல் விசில் மூடுபனிக்குள் எங்கிருந்தோ ஊதியது. நெவில் பெட்டிமேல் உட்கார்ந்து இரைமாவை அள்ளி உருட்டினான். கைக்குள் நறநறத்தது. மணல் கலந்துவிட்டதா? விரலால் தேய்த்துப் பார்த்தான். மணல் இல்லை, மணலைவிட லேசாக, முட்டையோட்டைப் பொடித்த மாதிரி இருந்தது. போட்டி தொடங்கிவிட்டபின் ஆராய்ச்சிக்கு நேரம் ஏது? உருண்டையைத் தக்கை விழவேண்டிய இடத்தைப் பார்த்து எறிந்தான். நல்ல இரைமாவு தண்ணீருக்குள் மேகமாகக் கலைந்து விரியும். இது கலையவில்லை. ப்ளக் என்ற சத்தத்தோடு நேராக அடிக்குப் போனது.

முள்ளில் வெள்ளைப் புழுவைக் கோத்துப் போட்டான். மீன் கூடுவதற்கு எப்படியும் நேரமாகும் என்று தேநீருக்காக ஃபிளாஸ்க்கை எடுக்கக் குனிந்தவன், நிமிர்ந்து பார்க்கும்போது தக்கையைக் காணவில்லை.

கோலைத் தூக்கினான். கனமாக வந்தது. அகலமான, பித்தளை நிறப் பிரீம் மீன். ஆனால் துள்ளவில்லை, இழுக்கவில்லை. ஈரச் சாக்கு மாதிரி பேசாமல் வந்து கைவலைக்குள் படுத்தது. முள்ளைக் கழற்றும்போதும் அசையவில்லை. செவுள் மட்டும் மெதுவாகத் திறந்து மூடியது. வலைவாயின் இரும்பு வளையத்தைப் பெட்டியின் கொக்கியில் மாட்டி, அவன் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து தண்ணீருக்குள் நீண்டு கிடந்த காப்புவலையில் அதை விட்டான். பிடித்ததெல்லாம் மாலைவரை அதற்குள் உயிரோடு கிடக்கும். எடை பார்த்தபின் திரும்பக் குளத்துக்கே போகும். புதிதாக விட்ட மீன் கொஞ்ச நேரமாவது சளசளவென்று வாலடிக்கும். இது ஒரு சத்தமும் இல்லாமல் அடிக்கு இறங்கியது.

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். உருண்டை போட்டான், மீன் வந்தது. போட்டான், வந்தது. எல்லாம் ஒரே அளவு, எல்லாம் ஊமை.

"என்னய்யா நெவில், உன் பக்கம் சத்தத்தயே காணோம்?" பக்கத்து முளையிலிருந்து ராட்னி கத்தினான். ஆள் தெரியவில்லை, சுருட்டு நுனி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. "தூங்கிட்டியா? இல்ல செட்ரிக்கோட கதை பேசிட்டிருக்கியா?"

"ஏதோ ஒண்ணு ரெண்டு," என்றான் நெவில். நிறையப் பிடித்தவன் சொல்லும் பதில் அதுதான் என்று ராட்னிக்கும் தெரியும். அவன் பதிலுக்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

நெவிலுக்குச் சந்தோஷத்தில் பசித்தது. இவ்வளவு மீன் அவன் ஆயுசில் ஒரு போட்டியில் பிடித்ததில்லை. ஒரு கையில் கோலைப் பிடித்தபடி, ஆட்ரி கட்டிக்கொடுத்த பன்றிக்கறி சாண்ட்விச்சை மறு கையால் பிரித்துத் தின்றான். கையைத் துடைக்கக்கூட இல்லை. இரைமாவும் மீன் வழுவழுப்பும் அப்பிய அதே விரல்கள். தூண்டில்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான். செட்ரிக் பார்த்தால் விடமாட்டான். 'மீனுக்குப் போடுறதவிட நீ திங்கிறதுதான்டா ஜாஸ்தி' என்பான். பல்லிடையே நறநறவென்றது. விழுங்கினான். விரல்களைச் சப்பி, தேநீரால் வாயைக் கொப்பளித்து அதையும் விழுங்கினான். நாக்கில் சோம்பு நின்றது.

சோம்பு.

சோம்பு செட்ரிக்குடையது. எல்லா இரையிலும் சோம்பு போடுகிறவன் செட்ரிக்தான். நெவில் தன் கையால் சோம்பு போட்டுப் பிசைந்தது ஒரே ஒருநாள். ஒரே ஒரு வாளி.

சாண்ட்விச்சின் கடைசித் துண்டு கையிலேயே நின்றது.

'நான் செத்தா என்னைய இரையில பிசைஞ்சு ஏழாம் முளையில போட்ருங்கடா' என்று செட்ரிக் சொல்லிக்கொண்டே இருப்பான். 'ஆயுசு பூரா அதுங்கள ஏமாத்தியே புடிச்சேன். ஒருவேளையாவது மனசார சாப்பாடு போடணும்ல?' குடித்துவிட்டுச் சொன்ன பேச்சு என்று யாரும் தள்ளவில்லை. இந்தப் பக்கத்துத் தூண்டில்காரர்கள் பலபேர் அப்படித்தான் போயிருக்கிறார்கள். பெரில் அவன் சாம்பலைக் கொண்டுவந்து கொடுக்க, நெவில்தான் ரொட்டித்தூளும் சோம்பும் சேர்த்துப் பிசைந்தான். மனதார, தாராளமாக, அளவு தெரியாமல் பிசைந்துவிட்டான். அன்றைக்குச் சரியான மழை. சில உருண்டைகள் போடுவதற்குள் பெரில் நடுங்க ஆரம்பித்தாள், பாதிரியார் குடைக்குள் இருமினார், எல்லாரும் மதுக்கடைக்கு ஓடினார்கள். வாளியில் பாதி அப்படியே மீந்திருந்தது. நாளைக்கு வந்து போட்டுவிடலாம் என்று வீட்டுக்குக் கொண்டுபோனான். மீந்த இரைமாவைக் கண்டதும் கை எப்போதும் செய்வதைச் செய்தது. பையில் கட்டியது. ஃப்ரீசரில், பட்டாணிக்கு அடியில் வைத்தது. நாளைக்கு, நாளைக்கு என்று மறந்தே போனது.

நெவில் வாளியைப் பார்த்தான். பாதிக்குமேல் காலியாகியிருந்தது. மூடியை எடுத்து இறுக்கி மூடினான். கையைக் குளத்தில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். நகக்கண்ணில் இருந்தது மட்டும் போகவில்லை.

"மன்னிச்சுக்கடா," என்று தண்ணீரைப் பார்த்து மெல்லச் சொன்னான்.

தக்கை அசையாமல் நின்றது. அதற்கப்புறம் ஒரு மீனும் வரவில்லை. வெறும் புழுவை ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. மூடுபனி இறங்கி வந்து தக்கையின் சிவப்பு நுனியைத் தொட்டுத் தொட்டு மறைத்தது. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்து முளையில் சளசளவென்று ஒரு சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று. ராட்னிக்கு மீன் வரத் தொடங்கிவிட்டது.

"ஆஹா, வா ராசாத்தி!" என்று ராட்னி மீனைக் கொஞ்சுவது கேட்டது. "நெவிலு, ரெண்டாவது பரிசுக்குக் கைதட்டல் இலவசம்யா! உனக்குத்தான் நல்லாப் பழக்கமாச்சே!"

நெவிலுக்குக் காது சுட்டது. எவ்வளவு பிடித்திருந்தாலும் ராட்னி எட்டிப் பிடித்துவிடுவான். பொழுது நிறைய இருந்தது. வாளியைப் பார்த்தான். பார்க்காமல் இருக்க முயன்று மறுபடியும் பார்த்தான். செட்ரிக்கே கேட்டதுதானே? மீதியையும் இங்கேயே போட்டுவிட்டால் அவன் முழுசாகப் போய்ச் சேர்ந்த மாதிரி. பெரிலிடம் சொன்ன பொய்யும் மெய்யாகிவிடும். இதில் என்ன பாவம்? ஆசைக்கு நியாயம் சொல்லவா ஆள் தேட வேண்டும், அது தானே பேசும்.

மூடியைத் திறந்தான். ஒரே ஒரு உருண்டை.

ப்ளக்.

தக்கை உடனே உள்ளே போனது.

அதற்குப் பிறகு அவன் நிறுத்தவில்லை. உருட்டினான், எறிந்தான், தூக்கினான், வலையில் விட்டான். ராட்னியின் கேலி நின்று வெகுநேரமாகியிருந்தது. மதியம் போய் வெளிச்சம் பழுப்பாக மாறியது. எப்போதிலிருந்து என்று தெரியாது; கையில் வந்த மீன்கள் வெதுவெதுப்பாக இருந்தன. முதலில் தன் விரல்தான் குளிரில் மரத்துவிட்டது என்று நினைத்தான். ஒரு மீனை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். மரத்த விரலுக்குச் சுகமாக இருந்தது, காய்ச்சல்காரனின் கையைப் பிடித்தது போல. மீன் எங்கேயாவது சுடுமா? அக்டோபர் மாதத்துக் குளத்து மீன்?

வலையில் விட்டுவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்தான். நிறுத்தியிருக்கலாம். ராட்னியை எப்போதோ தாண்டியாயிற்று. ஆனால் வாளியில் இன்னும் இருந்தது, இருக்கும்வரை பாதி அங்கே பாதி இங்கே என்று பெரில் சொன்னது காதில் ஒலித்தது. முழுசாகப் போடத்தான் வேண்டும். அடியில் ஒட்டியிருந்ததை விரல்நகத்தால் சுரண்டினான். வாளியைக் கவிழ்த்துத் தட்டினான். கடைசி உருண்டை கோலிக்குண்டு அளவுகூட வரவில்லை.

ப்ளக்.

இம்முறை தக்கை அசையவில்லை. அடியிலும் ஒன்றும் அசையவில்லை. குளம் முழுக்க ஒரு நிசப்தம். பறவைகூட இல்லை.

அப்போதுதான் காப்புவலையைக் கவனித்தான். வலையை மாட்டியிருந்த இரும்புக் கொக்கி வளைந்திருந்தது. அவன் உட்கார்ந்திருந்த பெட்டியே தண்ணீர்ப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருந்தது. உள்ளே எத்தனையோ மீன்கள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெளிய வேண்டும். வலை ஆயிரம் இடத்தில் துடிக்க வேண்டும். வலை துடிக்கவில்லை. ஒரே ஒரு பெரிய பாரமாகத் தொங்கியது. பிறகு அந்தப் பாரம் மெதுவாகப் புரண்டு படுத்தது. தூக்கத்தில் ஆள் புரள்வதைப் போல.

குமிழிகள் வந்தன. கொத்தாக இரண்டு, சின்னதாக. பிறகு நீளமாக ஒரு வரிசை.

செட்ரிக்கின் இருமல் அப்படித்தான். சூளைத் தூசி நுரையீரலில் இறங்கிய ஆள். சின்னதாக இரண்டு இருமல், பிறகு நீளமாக ஒரு இழுப்பு. நாற்பது வருடம் இந்தக் கரையில் கேட்டது.

கடைசி விசில் ஊதியது.

"முடிஞ்சுது! கோலத் தூக்குங்கப்பா! வலையத் தொடாதீங்க, அவங்கவங்க எடத்துலயே இருங்க!" டட்லியின் குரல் தூரத்தில், முதலாம் முளைப் பக்கம்.

நெவில் கோலைத் தூக்கிப் புல்லில் போட்டான். ஓடிவிடலாம். பெட்டியை விட்டு எழுந்து, நாணலைத் தாண்டி, கொட்டகைக்கு ஓடிவிடலாம். எழுந்தால் ஆட்டத்தில் இல்லை. இந்த எடையை விட்டுவிட்டா? ஆயுசில் ஒருமுறை வந்த எடையை? 'கொஞ்ச நேரம்தானே, தராசு வந்துவிடும், ஆள் வந்துவிடும்,' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பெட்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

கரையைச் சுற்றித் தராசு வந்துகொண்டிருந்தது. மூன்றுகால் தாங்கியின் இரும்புச் சங்கிலி கிலுங்கியது. யாரோ சிரித்தார்கள். டட்லி எடையைக் கூவுவதும், பெரில் "அடேங்கப்பா!" என்பதும் மூடுபனியில் நனைந்து நனைந்து வந்தன. அவளும் கூட வருகிறாள். அவள் முன்னால்தான் வலையைத் தூக்க வேண்டும்.

முழங்காலுக்குப் பக்கத்தில் தண்ணீர் சத்தம்.

குனியக் கூடாது என்று நினைத்தான். குனிந்து பார்த்தான்.

வலைக்குள் மீன் இல்லை. ஒரு மீன்கூட இல்லை. பித்தளை நிறச் செதில்கள் மட்டும் தெரிந்தன, நெருக்கமாக, ஒரு அகலமான முதுகின்மேல். முதுகு ஏறி இறங்கியது. தோள் ஒன்று வலையில் அழுந்தியிருந்தது. சாம்பல் நிறம். வலைக்கண் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் பிதுங்கியிருந்தது.

சோம்பு. குடலைப் பிரட்டும் சோம்பு.

இரும்பு வளையத்தின் விளிம்பில் விரல்கள் வந்து படிந்தன. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது குட்டை.

கத்த வேண்டும்.

கை வெளியே வந்தது. மணிக்கட்டு. முழங்கை. அவன் முன்னால் நீண்டது. உள்ளங்கை குவிந்தது. அப்படியே நின்றது.

எத்தனை காலையில் பார்த்த கை!

"இல்லடா," என்றான் நெவில். காற்றுதான் வந்தது. "எல்லாம் போட்டுட்டேன். சத்தியமா எல்லாம் போட்டுட்டேன்."

கை கேட்டது போலிருந்தது. வாளிப் பக்கம் நகர்ந்தது. உள்ளே போனது. அடியைத் தடவியது. சுவரைத் தடவியது. காலி.

திரும்பி வந்தது. நெவிலின் வலது கையைப் பிடித்தது. வெதுவெதுப்பு. ஒவ்வொரு நகமாகத் தடவியது. நகக்கண்ணில் இருந்ததைத் தோண்டி எடுத்தது. அம்மாக்கள் குழந்தைக்கு எடுப்பது போல, வலிக்காமல்.

போதவில்லை.

"அடுத்தது நெவிலு!" டட்லி. நாணலுக்கு அந்தப் பக்கம்தான். சங்கிலி கிலுங்கியது. ராட்னியின் மீன்கள் திரும்பக் குளத்தில் விழும் சத்தம். "ராட்னியத் தாண்டுவியா? இந்தா வந்துட்டோம், வலையத் தொட்டுடாதப்பா!"

"தாண்டிடுவான்," பெரிலின் குரல், சிரிப்போடு. "எனக்குத் தெரியும். அவரு விட்டுக்குடுத்திருப்பாரு."

வளையத்துக்குள்ளிருந்து தலை எழுந்தது.

நெற்றி இருந்தது. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. செட்ரிக்கின் புருவம். கண்கள், இமை இல்லாமல், வட்டமாக, அவனையே பார்த்தன. மூக்கு இருந்தது. மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. கையில் வைத்து அழுத்தி உருட்டிய உருண்டை மாதிரி, தாடை வரைக்கும் ஒரே வழுவழுப்பு.

வாய் மட்டும் வரவில்லை.

நெவிலின் பல்லிடுக்கில் ஏதோ நறநறத்தது.

சாண்ட்விச்.

உதடுகளை இறுக்கி மூடினான். இரண்டு கையாலும் பொத்தினான். அது அந்தக் கைகளைப் பொறுமையாக விலக்கியது. முதலில் ஒன்றை. பிறகு இன்னொன்றை.

"நெவில்?" பெரில். மிகப் பக்கத்தில். "என்னப்பா இருட்டுல பேசாம உக்காந்திருக்க?"

வராதே என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான்.

குட்டைச் சுண்டுவிரல் முதலில் உள்ளே போனது. பிறகு மற்ற விரல்கள். அவசரமே இல்லை. பல்லிடுக்கைத் தடவின. நாக்கின் அடியைத் தடவின. தொண்டையைப் பார்த்து இறங்கின. கண்ணுக்கு நேரே, அந்த வழுவழுப்பில், மூக்குக்குக் கீழே, மெல்லிய கோடு ஒன்று விழுந்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதடுகளாகப் பிரிந்துகொண்டிருந்தது.